கலைக்களஞ்சியத்தில் தீர்த்தகிரி

இணையத்தில் இருக்கும் அந்தப் பெரிய கலைக்களஞ்சியத்தில் பொழுதுபோக்குப் பூங்கா விபத்துகளுக்கென்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. உலகத்தில் எங்கெங்கே எந்த ராட்டினம் கழன்றது, எந்த வண்டி தடம் புரண்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் நான் வேலை பார்த்த பூங்காவுக்கு ஒரு வரி, முதலில் இப்படி இருந்தது: ஊஞ்சல் கப்பலில் இருந்து விழுந்து ஓர் இளம்பெண் இறந்தார், அதை இயக்கிய தீர்த்தகிரி தன் கவனக்குறைவை ஒப்புக்கொண்டார், கைதானார். அவ்வளவுதான். அந்தத் தீர்த்தகிரி எனக்குப் பக்கத்துக் கொல்லைக்காரன். இதை எழுதும்போது எதிர்ச் சரிவில் அவன் புளி உலுக்கும் சத்தம் கேட்கிறது.

ரைடுகளில் வேலை செய்யும் தம்பிகள் சிலர், சங்கத்து மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டார்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவன். என் மகள் மல்லிகா திருப்பத்தூரில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறாள். அவள்தான் பிழை திருத்தித் தருகிறாள். காளியம்மனை நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். சந்தோஷமாகச் சொல்லவும் சில விஷயங்கள் உண்டு. ஆனால் பேனாவை எடுத்தால் இதுதான் வருகிறது.

எங்களை மலையிலிருந்து கூட்டிப்போனவர் அன்வர் பாய். வாணியம்பாடிக்காரர். தோல் கம்பெனிகளில் மெஷின் பார்த்துவிட்டு, சென்னைக்கு வெளியே பூங்கா திறந்தபோது அங்கே ஃபோர்மேன் ஆனவர். புளியை மொத்தமாக வாங்க வந்த தன் மச்சானோடு ஒரு தடவை எங்கள் மலை ஊரான புதூர்நாட்டுக்கு வந்தார். நாங்கள் உச்சிக் கிளையில் நின்று உலுக்குவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்ததும், "சம்பளம் கொட்த்தா இரும்புல ஏறுவீங்களா தம்பி?" என்று கேட்டார். நானும் தீர்த்தகிரியும் போனோம். அவன் எனக்கு இளையவன், பங்காளி முறை. முதல் வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ராட்சத ராட்டினத்தில் ஏறி பல்பு மாற்றினோம், கிரீஸ் டப்பா தூக்கினோம், ஸ்பானர் நம்பர் கற்றுக்கொண்டோம், ஓட்டல் சாம்பாருக்குப் பழகினோம். அப்புறம் பாய் ராட்டினத்தை என்னிடம் கொடுத்தார். கொலம்பஸைத் தீர்த்தகிரியிடம் கொடுத்தார். ஊஞ்சல் போல ஆடும் அந்தக் கப்பலைத் தமிழ்நாடு முழுக்கக் கொலம்பஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

பாயின் காலை வேலையைத் தம்பிகள் தெரிந்துகொள்ள வேண்டும். கப்பலில் ஒவ்வொரு வரிசைக்கும் மடியை அழுத்திப் பிடிக்கும் ஒரு கம்பி உண்டு. பார் என்போம். அதைக் கீழே அழுத்தினால் உள்ளே ஒரு இரும்பு நாக்கு பல்லில் போய் விழும். பாய் ஒவ்வொரு பாரையும் அழுத்திவிட்டு, இரண்டு கையாலும் மேலே இழுத்துப் பார்ப்பார். இழுக்கும்போது பேசமாட்டார், யாரையும் பேசவிடவும் மாட்டார். "காதுக்குத் தெரியும்டா, கண்ணு ஏமாந்துடும்" என்பார். நாக்கு முழுதாக விழுந்தால் கனமாக ஒரு சத்தம் வரும். பாதி விழுந்தால் சில்லறைக் காசு விழுந்த மாதிரி இருக்கும். மற்ற பூங்காக்களில் முதல் ஓட்டத்துக்கு மணல் மூட்டை வைப்பார்கள். எங்களிடமும் மூட்டை இருந்தது. ஆனால் பாய் வால் வரிசையில் தானே உட்கார்ந்துகொள்வார். ஏன் பாய் என்று கேட்டதற்கு, "மூட்டைக்குப் பயம் தெரியாதே" என்றார்.

அதற்கு முன்னால் நான் கற்பூரம் ஏற்றுவேன். பாய் ஓரமாக ஒதுங்கி நின்று கையேந்தி மெதுவாக ஓதுவார். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பார். கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார், தொப்பியைக் கழற்றி நன்றாக உதறி மறுபடி போட்டுக்கொள்வார். அந்தத் தொப்பி கழன்றால் நாங்கள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு நிற்போம்.

கொலம்பஸுக்கு நம் பஸ்ஸில் இருக்கிற மாதிரி பிரேக் கிடையாது. அடியில் ஒரு டயர் சுற்றும். கப்பல் வரும்போது டயர் மேலே எழுந்து அதன் வயிற்றைத் தள்ளிவிடும். நிறுத்துவதற்கும் அதே டயர்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உராய்ந்துதான் வேகத்தைக் குறைக்கும். உச்சத்தில் ஆடும்போது ஒரேயடியாக அழுத்தினால் உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் தூக்கி எறியப்படுவார்கள். வெளியே நிற்பவர்களுக்கு இது தெரியாது. பட்டனைத் தட்டினால் நிற்கும் என்று நினைக்கிறார்கள்.

அந்த வருடம் பொங்கலுக்கு முன்னால் வால் வரிசை பாரில் சத்தம் மாறிவிட்டது. பாய் பிரித்துப் பார்த்தார். பல் தேய்ந்திருந்தது. மேலே எழுதிக் கொடுத்தார். பொங்கல் கூட்டம் போகட்டும், அப்புறம் பார்ப்போம் என்றார்கள். பாய் தொப்பியைக் கழற்றி உதறினார். பிறகு போய் அந்த வரிசைக்குக் குறுக்கே கயிறு கட்டினார். "இத நான்தான் கட்டினேன், நான்தான் அவுப்பேன்" என்று தீர்த்தகிரியிடம் சொன்னார். காணும் பொங்கலன்று, மேலே இருப்பவர்களைக் கேட்டுப் பயனில்லை என்று, தானே அந்தப் பாகத்தை எடுத்துக்கொண்டு தெரிந்த பட்டறைக்குக் கிளம்பினார். கழற்றிய இடத்தில் பழைய உதிரி ஒன்றைப் பார் கீழே தொங்காமல் இருக்க மாட்டிவிட்டுப் போனார். கயிறு இருக்கிறதே என்ற தைரியம்.

அன்று கூட்டம் சொல்லி முடியாது. கொலம்பஸ் வரிசை ராட்டினம் வரைக்கும் வந்து நின்றது. நான் எதிரே ராட்டினத்து மேடையில், பேச்சு கேட்கிற தூரத்தில் இருந்தேன். தரைப் பகுதிக்குப் பொறுப்பான மேலாளர் கப்பலுக்குள் ஏறுவதையும், கத்தியால் கயிற்றை அறுப்பதையும் பார்த்தேன். தீர்த்தகிரி கப்பலை இயக்கும் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வெளியே வந்தான்.

"சார், பாய் கட்டினதுங்க அது."

"தெரியும்யா. பார் நிக்குதில்ல? ஜனம் வெயில்ல நிக்குது பாரு."

"வேணாங்க சார். பாய் வந்துடட்டும்."

"பாய் சம்பளம் தர்றாரா, நான் தர்றனா? போய் ஓட்டு. ஓட்டலன்னா சாவியக் குடுத்துட்டு மலைக்குப் போ."

இதை நான் மட்டும் கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். தீர்த்தகிரி போய் அந்த வரிசைப் பாரைத் தானே அழுத்தி, இழுத்துப் பார்த்தான். அப்போது அது நின்றது.

ஆட்டம் உயர்ந்தபோது வால் பக்கத்திலிருந்து ஒரு பெண் வேலியைத் தாண்டிக் கீழே விழுந்தாள். என் மேடையிலிருந்து பார்த்தால் ஒரு துப்பட்டா காற்றில் போகிற மாதிரிதான் இருந்தது. அதன் பிறகுதான் அலறல் கேட்டது. அவளோடு அந்த வரிசையில் அவள் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் தளர்ந்த பாரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தீர்த்தகிரி டயரைத் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உராயவிட்டான். ஒரேயடியாக அழுத்தியிருந்தால் மற்ற மூவரும் போயிருப்பார்கள். கப்பல் குறைந்து குறைந்து ஆடி நின்றது. ஜனங்கள் கண்ணாடியைக் குத்தி, "நிறுத்துடா, நிறுத்துடா" என்று அடித்தார்கள். அவன் கண்ணைக் கப்பலை விட்டு எடுக்கவில்லை. கப்பல் நின்று எல்லாரையும் இறக்கிய பிறகுதான் அவனுக்கு வாந்தி வந்தது. மறுநாள் பேப்பரில், அலறல் கேட்டும் தொடர்ந்து இயக்கினார் என்று போட்டார்கள்.

இப்போது அரசு ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று. புளி உலுக்கும்போது கூலிக்கு வந்தவன் விழுந்து இறந்துவிட்டால், மரத்துக்காரன் பிணம் எடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போகவேண்டும். தலைத்துண்டை அவிழ்த்து இறந்தவன் அப்பனுடைய காலடியில் போட்டு, "எங்கிட்ட வந்து போச்சு, எம்மேல கீது", அதாவது என்னிடம் வந்த உயிர் போனது, அந்தப் பாரம் என்மேல் இருக்கிறது என்று சொல்லவேண்டும். கிளை முறிந்ததா, அவன் குடித்திருந்தானா என்பதெல்லாம் அப்போது பேச்சில்லை. தப்பு யாருடையது என்று ஊர்ப் பெரியவர்கள் பிறகு உட்கார்ந்து கேட்பார்கள், அது வேறு. துண்டைப் போட்டவன் அன்று முதல் அந்தச் சாவுக்கு உரியவன். அவர்களோடு தலை முழுகுவான், கருமாதியில் உட்காருவான். இறந்தவன் வீட்டார் தனியாக அழக்கூடாது, அதுதான் கணக்கு.

பிணவறை வாசலில் அந்தப் பெண்ணின் அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். காஞ்சிபுரம் பக்கத்தில் தறி நெய்கிறவர். அவருடைய பையன், அதே வரிசையில் இருந்து தப்பியவன், கால்சட்டை போட்டவன், தோளில் சாய்ந்திருந்தான். பூங்காவிலிருந்து பெரிய ஆட்கள் யாரும் அதுவரை வரவில்லை. தீர்த்தகிரி யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராகப் போனான். கம்பெனிச் சட்டைக்குத் துண்டு கிடையாது. அதனால் சட்டையைக் கழற்றினான். பனியனோடு குனிந்து சட்டையை அவர் காலடியில் போட்டு, "எங் கையில வந்து போச்சுங்க. எம்மேல கீதுங்க" என்றான்.

அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. தலையைத் தூக்கிப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயாவது வந்தியேப்பா" என்றார். பிடித்த கையை விடாமல் அழுதார். போலீஸ் வந்து எழுப்பும் வரைக்கும் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

பக்கத்தில் ஒருவர் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். நிருபர் என்று பிறகு தெரிந்தது. 'என் தவறுதான்: ஆபரேட்டர் ஒப்புதல்.' இதுதான் மறுநாள் தலைப்பு. இங்கிலீஷ் பேப்பரிலும் வந்தது. கலைக்களஞ்சியத்து வரிக்குக் கீழே ஆதாரம் என்று கொடுத்திருப்பது அதைத்தான்.

தீர்த்தகிரியை ஜெயிலில் வைத்தார்கள். ஜாமீனில் வந்தவன் முதல் வேலையாகக் கருமாதிக்குப் போனான். அந்தப் பெரியவர் அவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். வழக்கு ரொம்ப வருடம் நடந்தது. பாய் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து, கயிறு கட்டியது, எழுதிக் கொடுத்தது, பழைய உதிரியைத் தானே மாட்டியது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். அதனால் அவருக்கு வேலை போனது. வாணியம்பாடியில் பழைய மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டு கிடந்து, தீர்ப்புக்கு முன்னாலேயே மவுத்தாகிவிட்டார். தேய்ந்த பாகமும் கயிற்றை அறுத்ததும்தான் காரணம், ஓட்டியவன் மேல் குற்றமில்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. அன்றைக்குக் கோர்ட்டில் ஒரு நிருபரும் இல்லை. நாங்கள் இருவரும் வெளியே வந்து டீ குடித்துவிட்டு பஸ் ஏறினோம்.

அவன் மலையோடு தங்கிவிட்டான். நானும் வயதாகி வந்து சேர்ந்தேன். சாமை விதைத்து, புளி உலுக்கி, பலாக்காய் ஜீப்பில் ஏற்றிவிட்டு இருந்தோம். அப்போதுதான் மலைக்கு வருகிற சுற்றுலாக்காரர்களுக்காகத் தனியார் ஒருவர் விளையாட்டு இடம் ஒன்று கட்ட ஆரம்பித்தார். கம்பியில் தொங்கிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டுவது, ஒரு சின்ன ராட்டினம், இப்படி. அனுபவம் உள்ள ஆள் வேண்டும் என்று என்னைத் தேடி வந்தார்கள். என் முட்டி ஒத்துக்கொள்ளாது. தீர்த்தகிரியைக் காட்டினேன்.

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திருப்பதிக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். அங்கே இருந்த ஒவ்வொரு கொக்கியையும் இரண்டு கையால் இழுத்து, காதைக் கொடுத்துக் கேட்டான். மேனேஜருக்கு ரொம்பத் திருப்தி. வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியில் தீர்த்தகிரி, "அண்ணா, மறுபடி இரும்பு வாசன. சாமி கண்ணத் தொறந்துட்டாரு" என்றான். அவன் சம்சாரம் பொங்கல் வைத்தாள்.

வேலையில் சேரப் போன அன்று மேனேஜர் போனில் அந்தக் கலைக்களஞ்சிய வரியை எடுத்து நீட்டினார்.

"இன்னா பெரியவரே, ஒரு உசுரு போயிருக்குது. வாயத் தொறக்கலியே நீங்க?"

"நீங்க கேக்கலிங்க" என்றான் தீர்த்தகிரி.

"கேட்டாதான் சொல்வீங்களா? நாளைக்கு வர்றவன் எவனாச்சும் உங்க பேரப் போட்டுப் பாத்தா எங்க கதி இன்னா?"

நான் குறுக்கே போனேன். "சார், கோர்ட்ல வுட்டுட்டாங்க. காயிதம் கீது, எடுத்தாந்து காட்றேன்."

"காயிதம் உங்க வூட்ல கீது பெரியவரே. இது உலகத்துக்கே கீது."

அவரைக் குறை சொல்லமாட்டேன். முதல் போட்டவர்கள் பயப்படுவார்கள். அதை எடுக்க வையுங்கள், சீசன் ஆரம்பிப்பதற்குள் வந்து சேருங்கள், அதுவரை ஆள் போடவில்லை என்று சொன்னார். தீர்த்தகிரி வீடு வரைக்கும் எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். வீட்டு வாசலில் நின்று, "எடுக்க முடியுமாண்ணா?" என்று மட்டும் கேட்டான்.

அன்றைக்குத்தான் மல்லிகா அந்தப் பக்கத்தை முழுவதும் எனக்குத் தமிழில் படித்துச் சொன்னாள். வெளிநாட்டுப் பூங்கா ஒன்றில் எங்களைப் போலவே பார் திறந்துகொண்டு ஒருவர் இறந்திருக்கிறார். அதற்குப் பெரிய பத்தி. பூட்டில் என்ன பழுது, எந்த நிபுணர் வந்து பார்த்தார், எத்தனை மாதம் மூடினார்கள், பிறகு என்ன மாற்றினார்கள், எல்லாம் இருக்கிறது. அதை ஓட்டியவன் பெயர் இல்லை. ஓட்டியவன் என்று ஒருத்தன் இருந்ததாகவே இல்லை. இன்னோர் இடத்தில் ஒருவருக்குப் பல் உடைந்திருக்கிறது, அதற்கும் ஒரு பத்தி. நம் பக்கத்து விபத்துகளுக்கு வந்தால் எல்லாம் ஒரு வரிதான். எல்லாவற்றிலும் ஊழியர் கவனக்குறைவு, ஊழியர் கைது. அங்கே இரும்பு தேய்கிறது, இங்கே மனிதன் தப்பு செய்கிறான். எங்கள் பூங்காவுக்கென்று தனியாக இருக்கும் பக்கத்தில் விருதும் மரம் நட்டதும் இருக்கிறது. விபத்தே இல்லை.

"யார்மா எழுதறாங்க இத?" என்றேன்.

"யார் வேணா எழுதலாம்பா. வேணும்னு கெட்டது பண்றதில்ல. பேப்பர்ல வந்ததத்தான் போடணும்னு சட்டம். அந்த ஊரு பேப்பர்காரங்க விசாரண முடியற வரிக்கும் விடாம எழுதறாங்க. நம்ப ஊர்ல மொத நாளு எழுதறதோட சரி."

எழுதுகிறவர்களோடு வாதாட அந்தப் பக்கத்துக்குப் பின்னால் பேச்சுப் பகுதி என்று ஒன்று இருக்கிறது, மல்லிகா அதில் எழுதினாள். புனைபெயர் வைத்த ஒருவர் பதில் போட்டார். மரியாதையாகத்தான் எழுதினார். வருத்தம் தெரிவித்தார். ஆனால் உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதும்போது கோர்ட் காகிதத்தை நேராக ஆதாரமாக வைக்க முடியாதாம், பத்திரிகை ஏதாவது அதைச் செய்தியாக வெளியிட்டிருக்க வேண்டுமாம். தப்பாக வந்த செய்திக்கு ஆதாரம் இருக்கிறது, சரியான தீர்ப்புக்கு இல்லை. 

பிறகு திருப்பத்தூரில் தெரிந்தவர்கள் மூலமாக ஒரு நிருபரைப் பிடித்தேன். நல்ல தம்பி. பைக்கில் மலையேறி வந்தார். தீர்த்தகிரி களத்தில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தான். கயிற்றுக் கட்டிலை எடுத்துப் போட்டான். நிருபர் தீர்ப்பைப் படித்தார்.

"அண்ணா, தீர்ப்பு பழசு. இத மட்டும் வெச்சி எழுதினா ஆபீஸ்ல எடுக்க மாட்டாங்க. 'மேலதிகாரிங்க மெரட்டி ஒத்துக்க வெச்சாங்க'ன்னு நீங்க சொன்னீங்கன்னா மொதப் பக்கமே குடுப்பாங்க."

"யாரும் மெரட்டலிங்க" என்றான் தீர்த்தகிரி.

"பயத்துல சொல்ட்டீங்க?"

"பயமில்லிங்க."

"அப்ப நீங்க அப்பிடி சொல்லவே இல்ல, அவரு மாத்திப் போட்டுட்டாரு?"

"சொன்னேங்க. எம்மேல கீதுன்னு சொன்னேன்."

நிருபர் என்னைப் பார்த்தார். நான் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது நல்லாருக்குங்க. 'மலைமக்கள் வழக்கத்தை வாக்குமூலமாக்கிய செய்தி'. இத எழுதலாம். கண்டிப்பா போடுவாங்க."

எனக்குக் கும்பிடத் தோன்றியது. காளியம்மன் வந்து நின்ற மாதிரி இருந்தது. தீர்த்தகிரி சாமையைக் காலால் கிளறிக்கொண்டே, "வேணாங்க" என்றான்.

"ஏன்டா?" என்றேன்.

"அந்தப் பெரியவரு படிப்பாரு."

"படிக்கட்டுமே. நீ தப்பு பண்ணலன்னு அவருக்கே தெரியும்."

"அது தெரியும்ணா. இது வேற. ஓகோ, மலைக்காரன் வழக்கத்துக்கு வந்து ஒப்புக்கு சொல்ட்டுப் போயிருக்கான்னு நெனப்பாரு. அவரு பொண்ணு செத்து எங் கையப் புடிச்சினு அழுதாரு. அத வெறும் வழக்கம்னு பேப்பர்ல போடச் சொல்றியா?"

"அப்ப வேல வேணாமா உனக்கு?"

"வேணும்" என்றான். சாமையைக் கிளறுவதை நிறுத்தினான். "ரொம்ப வேணும்ணா. நீ வேற வழி பாரு."

நிருபர் தம்பி மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார். பைக்கில் ஏறும்போது, "இந்த மாதிரி ஆளுங்கள வெச்சினு இன்னாண்ணா பண்றது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு அவன் மேல் எனக்குக் கோபம்தான். இரண்டு வாரச் சந்தை கழியும்வரை அவனோடு பேசாமல் இருந்தேன். சீசன் ஆரம்பித்தது. சமவெளியிலிருந்து ஒரு பையனை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

மல்லிகா விடவில்லை. அதே பேச்சுப் பகுதியில் அவள் ஒரு கேள்வி மட்டும் எழுதினாளாம். இறந்த பெண்ணின் பெயரைப் போடாமல், அவர் தனிமனிதர் என்று மரியாதை கொடுக்கிறீர்கள். தண்டிக்கப்படாத ஒரு கூலிக்காரனும் தனிமனிதன்தானே, அவன் பெயர் மட்டும் ஏன்? அந்தப் புனைபெயர்க்காரர் யோசித்திருக்கிறார். நீங்கள் சொல்வது எங்கள் விதிப்படியே சரி என்று எழுதி, பெயரை எடுத்துவிட்டார். 'அதை இயக்கியவர் தன் கவனக்குறைவை ஒப்புக்கொண்டார்.' இப்போது அந்த வரி அப்படித்தான் இருக்கிறது.

நான் முட்டி வலியோடு சரிவில் இறங்கி ஓடினேன். தீர்த்தகிரி ஜீப்பில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"எடுத்துட்டாங்கடா. இனிமே எவன் தேடினாலும் உம் பேரு வராது."

"அந்த வரி?"

"வரி கீது. பேருதான் இல்ல."

அவன் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தான். "அப்ப சொன்னது யாரு?"

"எவனோ. உனக்கின்னா அது?"

"இல்லண்ணா. அந்தப் பொண்ணுக்கு ஒரு தம்பி இருந்தான். இப்ப பெரியவனாயிருப்பான். அக்கா சாவுல எவன் வந்து நின்னான்னு என்னிக்காச்சும் தேடுவான். தேடினா அங்க ஒரு ஆளு நிக்கணுமில்ல? பேரில்லாத எவனோ ஒத்துக்கினான்னு கீதுன்னா, அப்பா கைய யாரு புடிச்சிருந்தது?"

"பேரு இருந்தா வேல கெடைக்காது. பேரு இல்லன்னா இது. இன்னாடா பண்ணச் சொல்ற என்ன?"

"ஒண்ணும் வேணாம் போ" என்றான். ஜீப்காரர் ஹாரன் அடித்தார். அவன் பழத்தைத் தூக்கி ஏற்றினான்.

பெயரை எடுத்துவிட்டதை மேனேஜரிடமும் போய்ச் சொன்னேன். நல்லதுதான், ஆனால் ஆள் போட்டாயிற்றே என்றார். அடுத்த சீசனுக்குப் பார்ப்போம் என்றார். அடுத்த சீசனும் வந்து போயிற்று.

அந்தப் பெரியவர் போன ஆடியில் காலமாகிவிட்டார். காஞ்சிபுரத்திலிருந்து தீர்த்தகிரிக்குத் தகவல் வந்தது. மகன்தான் போன் பண்ணியிருந்தான். தீர்த்தகிரி போய், பதினாறாம் நாள் முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டு வந்தான். மொட்டை போட்டிருந்தான். 

தம்பிகள் இந்தக் கட்டுரை கேட்டபோது அவனிடம் போய், எழுதட்டுமா என்றேன்.  "பெரியவர் போய்ட்டாரு. இனிமே எழுதிக்கோ. ஒப்புக்கு சொன்னேன்னு மட்டும் எழுதாத" என்றான். உன் பெயரை மாற்றி எழுதிவிடுகிறேன் என்று சொன்னேன். இந்த மலர் அச்சில் வந்துவிட்டால் இதையே ஆதாரமாகக் காட்டி யாராவது அந்தப் பக்கத்தில் மறுபடி பெயரைச் சேர்த்துவிடலாம், அப்புறம் எந்த வேலையும் கிடைக்காது என்று மல்லிகா சொன்னதையும் சொன்னேன்.

"சேக்கட்டும்" என்றான்.

பெயரை மாற்றவில்லை.